பகடை உருட்டினா அது விஞ்ஞானம் இல்லையாமே!

எல் நினோ பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரு அண்ணாச்சி தவறாமல் ஆஜராகிவிடுவார். "தம்பி, மாடலுக்குள்ள காத்துக்குப் பதிலா ராண்டம் நம்பரைப் போடுறானுங்க. இதுக்கு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர், அதுக்கு ஒரு ஏசி ரூம். கிளி ஜோசியக்காரன் பத்து ரூபாயில முடிச்சிடுவான்." சுத்தி இருக்கிறவங்க சிரிப்பாங்க. அண்ணாச்சி காலரைத் தூக்கி விட்டுக்குவார்.

கிண்டலுக்குச் சொன்னா போகட்டும்னு விடலாம். ஆனா காலேஜில் ப்ராபபிலிட்டி பேப்பர் எழுதி பாஸ் பண்ணின ஆட்களே இதை சீரியஸா சொல்லும்போது கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவங்களுக்கு என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: காத்துக்குப் பகடை உருட்டுற மாடல்தான் யோக்கியமான மாடல். பகடையே உருட்டாம ஒத்தை நம்பரை நீட்டுறதுதான் கிளி ஜோசியம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டி, கிழக்கே இருந்து மேற்கே வியாபாரக் காற்று அடிச்சுக்கிட்டே இருக்கு. அது மேல்பரப்பு வெந்நீரைத் தள்ளிக்கிட்டுப் போய் இந்தோனேசியா பக்கம் குவிக்குது. அங்கே கடல் மட்டம் தென் அமெரிக்கா பக்கத்தைவிட சுமார் அரை மீட்டர் உயரம். இந்தப் பக்கம் பெரு கரையில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணி மேலே வரும். நெத்திலி வகை மீன் கொழிக்கும். காத்து தளர்ந்தா குவிஞ்ச வெந்நீர் கிழக்கே பரவும். கிழக்கு சூடாச்சுன்னா காத்து இன்னும் தளரும். காத்து தளர்ந்தா இன்னும் சூடு. ஒண்ணு இன்னொண்ணை ஏத்திவிடுற இந்தக் கதையை 1969-ல் ஜேக்கப் பியர்க்னஸ் தெளிவா எழுதி வச்சார். கடைசியில் மேற்கே சேர்த்து வச்ச வெந்நீர் தீர்ந்ததும் ஆட்டம் அடங்கும். இது 2 முதல் 7 வருஷத்துக்கு ஒரு தடவை வரும். இந்தத் தேதின்னு கணக்கு வச்சு வராது.

ஏன் கணக்கு வச்சு வராது? இங்கதான் நம்ம வில்லன் என்ட்ரி.

மேற்கு பசிபிக்கில் திடீர்னு காத்து திரும்பி மேற்கே இருந்து கிழக்கே அடிக்கும். சில நாள், சில சமயம் ரெண்டு மூணு வாரம். அப்புறம் நின்னுடும். இங்கிலீஷ்ல வெஸ்டர்லி விண்ட் பர்ஸ்ட்னு சொல்றாங்க. மேற்கே இருந்து அடிக்கிறதை நம்மூர்ல மேல்காத்துன்னுதானே சொல்வோம். அதனால இந்தப் பதிவுல இதுக்குப் பேரு மேல்காத்து வீச்சு. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ரெட்டைப் புயல் வந்தா வரும். வெப்பமண்டலத்தில் கிழக்கு நோக்கி நகர்ந்துக்கிட்டே இருக்கிற மழைமேகக் கூட்டம் கடந்து போனா வரும். வேற காரணத்தாலயும் வரும்.

இந்த வீச்சு கடலை ஒரு தட்டு தட்டினா கடலுக்கு அடியில் ஒரு அலை கிளம்பும். கெல்வின் அலைன்னு பேரு. வேகம் ஒரு நாளைக்கு சுமார் 200 கிலோமீட்டர். ரெண்டு ரெண்டரை மாசத்தில் பெரு கரைக்குப் போய்ச் சேரும். போற வழியில் வெந்நீர் அடுக்கைக் கீழே அமுக்கி, கிழக்கே குளிர்ந்த தண்ணி மேலே வர்றதைத் தடுக்கும். அதாவது நாலு நாள் காத்தோட விளைவு நாலு மாசம் நிக்கும்.

இப்ப கேள்வி. தினசரி வானிலையை ரெண்டு வாரத்துக்கு மேல எவனாலும் சரியா சொல்ல முடியாது. எல் நினோ கணிப்போ ஆறு மாசம், ஒன்பது மாசம் தள்ளி. அஞ்சாவது மாசத்தில் மேல்காத்து வீச்சு வருமா வராதான்னு தெரியாது. மாடல் எழுதுறவன் அந்த இடத்தில் என்ன போடுவான்?

சராசரி காத்தைப் போடலாம். நிறைய பேருக்கு இதுதான் நாகரிகமாத் தெரியுது. ஆனா சராசரி காத்துன்னு ஒண்ணு அந்தக் கடல்ல அடிக்கிறதே இல்லைங்க! வீச்சு வந்தா பலமா வரும், வராட்டி சுத்தமா வராது. ரெண்டையும் கூட்டி வகுத்தா என்னைக்குமே நடக்காத ஒரு மிதமான காத்து கிடைக்கும். நம்ம பொட்டி தட்டுற தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். ஒரு நாளைக்கு சராசரியா எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்த்து லோட் டெஸ்ட் பண்ணி, சர்வர் சூப்பர்னு கையெழுத்து போட்டுக் கொடுங்க. பிளஸ் டூ ரிசல்ட் வர்ற காலையில் தெரியும் சேதி. சர்வரைச் சாய்க்கிறது சராசரி இல்லை, கொத்துக்கொத்தா வர்ற கூட்டம். அதனாலதான் டெஸ்ட்ல ஆட்களை ராண்டமா கொத்தா அனுப்புறோம். அதை யாரும் கிளி ஜோசியம்னு சொல்றதில்லை. கடலுக்குப் பண்ணினா மட்டும் சிரிப்பு வருது.

2014 கதையைப் பார்ப்போம், ஏன்னா அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடிச்ச ஆயுதம் இதுதான்.

2014 ஜனவரியிலிருந்து மார்ச் வரை மேற்கு பசிபிக்கில் பலமான மேல்காத்து வீச்சுகள். பிரமாண்டமான கெல்வின் அலை கிளம்புச்சு. 1997-ல் நடந்த மாதிரியே இருக்கேன்னு எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. மார்ச் 6-ம் தேதி அமெரிக்காவின் நோவா எல் நினோ உஷார் அறிக்கை விட்டது. ஜூனில் அவங்க சொன்ன கணக்கு: கோடையில் வர 70 சதவீதம் வாய்ப்பு, இலையுதிர்காலம், குளிர்காலத்தில் 80 சதவீதம். பத்திரிகைகள் என்ன எழுதினாங்க? சூப்பர் எல் நினோ வருது, ராட்சத எல் நினோ வருது! அந்த 80 சதவீதம் எல் நினோ வர்றதுக்குச் சொன்னது. சூப்பரா வரும்னு சொன்னது இல்லை. இந்த வித்தியாசத்தை எத்தனை பேர் எழுதினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் என்ன ஆச்சு? 1997-ல் முதல் வீச்சுக்குப் பின்னாலேயே அடுத்தடுத்து வீச்சுகள் வந்து தீயை விசிறிக்கிட்டே இருந்துச்சு. 2014-ல் அடுத்த வீச்சுகள் வரலை. போதாக்குறைக்கு ஜூனில் எதிர்ப்பக்கமா, கிழக்கே இருந்து, அசாதாரண பலத்தோட ஒரு வீச்சு வந்து கிளம்பினதையும் அமுக்கிடுச்சு. 2016-ல் ஹூ, ஃபெடரோவ் ரெண்டு பேரும் இதைத் தனியா ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. வருஷக் கடைசியில் சூடு அரை டிகிரி எல்லையை ஒட்டித் தட்டுத் தடுமாறி நின்னுச்சு. எல் நினோ வந்தாச்சுன்னு நோவா அறிவிச்சதே 2015 மார்ச் 5-ம் தேதிதான். அதுக்கப்புறம் 2015-ல் வீச்சுகள் வரிசையா வந்தது, வருஷக் கடைசிக்குள்ள 1997-க்கு நிகரான எல் நினோவா வளர்ந்து நின்னது.

பார்த்தீங்களா? 2014 மார்ச்சில் கடலுக்குள்ள இருந்த வெந்நீர் 1997-ஐ ஞாபகப்படுத்துச்சு. முடிவு வேற. வித்தியாசத்தை உண்டாக்கினது சில வாரக் காத்து. அந்தச் சில வாரக் காத்தைப் பகடையா எடுத்துக்கிட்டு மாடலை நூறு தடவை ஓட்டியிருந்தா, சில ஓட்டத்தில் ராட்சசன் வருவான், சில ஓட்டத்தில் புஸ்வாணம் வரும். அந்த விரிவைத்தான் மக்களுக்குக் காட்டணும். அது "தெரியலை"ன்னு கையை விரிக்கிறது இல்லை. எவ்வளவு தெரியலைங்கிறதை அளந்து சொல்றது. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு கொடுமையையும் சொல்லணும். பசிபிக்கின் குறுக்கே சுமார் 70 மிதவைகளை நங்கூரம் போட்டு நிறுத்தி, காத்தையும் கடலடிச் சூட்டையும் அளக்கிற டாவோ ஏற்பாடு ஒண்ணு 1994-ல் முழுமையாச்சு. 2012-ல் அதைப் பராமரிச்ச கப்பலுக்கு ஓய்வு கொடுத்துட்டாங்க, காசு இல்லைன்னு. 2014 தொடக்கத்தில் அந்த மிதவைகளிலிருந்து வந்த தகவல் சுமார் 40 சதவீதம்தான். தெர்மாமீட்டருக்குக் காசு வெட்டிட்டு, ஜுரத்தைச் சரியா சொல்லலைன்னு டாக்டரைத் திட்டுற கதை!

சரி, இந்தப் பகடை வேலை ஏதோ நேத்து முளைச்ச ஃபேஷன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை.

1899 மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததுக்கு அப்புறம், பருவமழையை முன்கூட்டி கணிக்கணும்னு இந்திய வானிலைத் துறைக்கு 1904-ல் ஒரு கேம்பிரிட்ஜ் கணக்கு வாத்தியாரைத் தலைவராக் கொண்டு வந்தாங்க. பேரு கில்பர்ட் வாக்கர். இவரை நமக்கு வேற வகையிலும் தெரிஞ்சிருக்கணும். 1913-ல் மதராஸ் வந்தப்போ துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தரோட கணக்கு நோட்டைப் பார்த்து அசந்துபோய், இந்த ஆளுக்கு உதவித்தொகை கொடுங்கன்னு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினவர். குமாஸ்தா யாருன்னு சொல்லவே வேண்டாம், ராமானுஜன்!

அந்த வாக்கர்தான் பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினா மறுபக்கம் இறங்குதுன்னு கண்டுபிடிச்சு தெற்கத்தி ஊசலாட்டம்னு பேர் வச்சார். எல் நினோவோட வானத்துப் பாதி அதுதான்.

1927-ல் யூல்னு ஒரு புள்ளியியல்காரர் அருமையான ஒரு உதாரணம் சொன்னார். ஒரு ஊசல் ஆடிக்கிட்டிருக்கு. சில பொடியன்கள் ஒளிஞ்சு நின்னு அது மேல பட்டாணியை எறியறாங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ரெண்டு. ஊசல் நிக்காது. ஆனா அதோட ஆட்டம் ஒரு சீரா இருக்காது, சமயத்தில் பெரிசா, சமயத்தில் சின்னதா. தாளம் ஊசலோடது, தடுமாற்றம் பட்டாணியோடது. 1931-ல் வாக்கர் இந்த வழியை எடுத்து ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகக் காற்றழுத்தத்துக்குப் போட்டுப் பார்த்தார். இன்னைக்கும் யூல்-வாக்கர் சமன்பாடுன்னு எஞ்சினியரிங்ல சிக்னல் ப்ராசஸிங் படிச்சவங்க எல்லாம் உருப்போட்டிருப்போம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது எந்தக் கடல் ஓரத்தில் பொறந்ததுன்னு யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான்.

1976-ல் க்ளாஸ் ஹாசல்மான் இதை இன்னும் பெரிசா விரிச்சார். கடல் மெதுவான, கனமான ஆள். வானிலை வேகமான, குட்டிக்குட்டி அடி. தண்ணியில் மிதக்கிற மகரந்தத் துகளை மூலக்கூறுகள் இடிச்சு இடிச்சு நகர்த்துற மாதிரி, தினசரி வானிலையோட இரைச்சலே கடலில் வருஷக்கணக்கான ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும்னு காட்டினார். 2021-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு. கிளி ஜோசியத்துக்கு ஸ்டாக்ஹோமில் பரிசு தர்றாங்க போல!

எதிர்க்கட்சியையும் நியாயமா சொல்லணும். பகடை இல்லாமலே, கடலும் காத்தும் தங்களுக்குள்ள மோதுறதிலேயே இந்த ஒழுங்கின்மை வந்துடும்னு ஒரு தரப்பு இருக்கு. லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. மார்க் கேன், ஸ்டீபன் ஸீபியாக் ரெண்டு பேரும் பண்ணின மாடல் அப்படிப்பட்டது. 1986-87 எல் நினோவை முன்கூட்டியே சொல்லி அசத்துச்சு. ஆனா அதே மாடல் 1997-ன் ராட்சசனைக் கோட்டை விட்டது. அந்த வருஷம் மார்ச்சில் மேற்கே என்ன காத்து அடிச்சதுன்னு மேலேயே பார்த்தோம்.

நம்பிக்கை இல்லாதவங்க வீட்லயே பண்ணிப் பார்க்கலாம். ஆபீஸில் ஆணி கம்மியா இருந்த ஒரு சாயங்காலம் நான் பண்ணினேன். பைத்தானில் முப்பது வரி. ரெண்டே மாறி: கிழக்கு கடலோட சூடு ஒண்ணு, அடியில் சேர்த்து வச்சிருக்கிற வெந்நீர் ஒண்ணு. ஃபெய்-ஃபெய் ஜின் 1997-ல் கொடுத்த சமன்பாடுகள். தேய்மானம் கொஞ்சம் இருக்கிற மாதிரி எண்களைப் போட்டு ஓட்டினா, ரெண்டு மூணு ஆட்டம் ஆடிட்டு கோடு படுத்துடும். எல் நினோவே இல்லாத செத்த கடல். இப்ப ஒரே ஒரு வரி, காத்துக்கு ராண்டம் எண். உடனே கோடு எழுந்து ஆடுது! ரெண்டு வருஷத்தில் ஒண்ணு, ஆறு வருஷத்தில் ஒண்ணு, நடுவில் ஒரு பெரிய ஆள். நிஜக் கடலோட வரைபடத்தைப் பக்கத்தில் வச்சா ஒரே குடும்பம்னு சொல்லலாம். அந்த ஒரு வரிதான் மோசடின்னா, மீதி இருபத்தொன்பது வரி எதைக் காப்பாத்துச்சு?

"சரி, இரைச்சலைச் சேர்த்தா ஆட்டம் பெரிசாகும், அவ்வளவுதானே" என்பீர்கள். அதுவும் கிடையாது. 2017-ல் வந்த ஒரு ஆய்வில், எல் நினோவை ரொம்பப் பெரிசா காட்டிக்கிட்டிருந்த ஒரு அமெரிக்க மாடலுக்குள்ள ராண்டம் பகுதியைச் சேர்த்தாங்க. ஆட்டம் குறைஞ்சு நிஜத்துக்குக் கிட்ட வந்தது. 2019-ல் வந்த இன்னொண்ணில், ரொம்பச் சின்னதா காட்டின ஒரு ஐரோப்பிய மாடலுக்குச் சேர்த்தாங்க. ஆட்டம் கூடி நிஜத்துக்குக் கிட்ட வந்தது. வெறும் உப்பைத் தூவுற வேலையா இருந்தா ரெண்டு இடத்திலும் உப்புதானே ஏறியிருக்கணும்?

இனிமேதான் என் கட்சிக்காரங்களுக்கே கொஞ்சம் டோஸ். "காத்து ராண்டம், அதனால எதுவும் சொல்ல முடியாது"ன்னு தத்துவம் பேசுற ஒரு கோஷ்டி இருக்கு. அது சோம்பேறித்தனம். பகடைன்னா கண்ணை மூடிக்கிட்டு ராண்டம் ஃபங்ஷனைக் கூப்பிடுறது இல்லை. எவ்வளவு பலம், எத்தனை நாள், எந்த இடம், எந்த மாசம்னு நிஜக் காத்திலிருந்து அளந்து செஞ்ச பகடையா இருக்கணும். இன்னொரு முக்கியமான விஷயம், அந்தப் பகடையைக் கடலே சாய்க்குது! 2005-ல் ஐஸன்மேன், யூ, ட்ஸிபர்மேன் மூணு பேரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. மேல்காத்து வீச்சு எல் நினோவை ஆட்டுற நாயா, இல்லை எல் நினோவோட வாலான்னு தலைப்பிலேயே கேட்டாங்க. வெந்நீர்ப் பரப்பு கிழக்கே நீண்டிருக்கும்போது வீச்சுகள் அதிகமா வருதுன்னு அளவுகளிலிருந்து காட்டினாங்க. அப்படிக் கடலைப் பார்த்து வர்ற வீச்சுகளை மாடலில் போட்டா, அதே பலம், அதே எண்ணிக்கையில் சும்மா கண்டபடி வர்ற வீச்சுகளைவிட எல் நினோ ரெண்டு மடங்கு பெரிசா வருது.

அதாவது வீச்சு முழுக்க வெளியாளும் இல்லை, முழுக்க வீட்டாளும் இல்லை. சூடான கடல் பகடையில் ஒரு பக்கத்தைக் கனமாக்கும். எந்தப் பக்கம் விழும்னு அப்பவும் உறுதி கிடையாது. 2014-ல் கனமான பக்கம் விழலை. அவ்வளவுதான்.

"அப்படின்னா எது நடந்தாலும் உங்க மாடல் சரின்னு சொல்லிக்கலாமே?" நல்ல கேள்வி. முடியாது. 70 சதவீதம்னு நூறு தடவை சொல்லியிருந்தா அதில் எழுபது தடவை பக்கமா நடந்திருக்கணும். ஐம்பதுதான் நடந்திருந்தா மாடல் வாய்ச்சவடால். தொண்ணூறு நடந்திருந்தா பயந்தாங்கொள்ளி. ரெண்டையும் கையும் களவுமா பிடிக்கலாம். ஒத்தை நம்பர் சொல்ற ஆளை எப்படிப் பிடிப்பீங்க? தப்பினா "இயற்கையின் விளையாட்டு"ம்பார், பலிச்சா பேட்டி கொடுப்பார்.

இது நாம டீ குடிச்சுக்கிட்டே போடுற சண்டை மட்டும் இல்லை. புஸ்வாணம்னு கிண்டலடிச்ச அதே 2014-ல், அந்த வெந்நீர் அலை பெரு கரையைத் தொட்டு, நெத்திலி வளம் குறைஞ்சு, அந்த நாடு வடக்கு-நடுக் கடற்கரையில் ரெண்டாவது மீன்பிடி சீசனையே ரத்து பண்ணுச்சு. 2017 தொடக்கத்தில் பசிபிக்கின் நடுப்பகுதி சாதுவா இருக்கும்போதே பெரு கரையோரக் காத்து தளர்ந்து, சில வாரத்தில் கரைக்கடல் கொதிச்சு, பேய்மழை. மார்ச் 27-ம் தேதி பியூரா நகரத்துக்குள்ள ஆறு புகுந்துச்சு. நாடு முழுக்க நூறு பேருக்கு மேல செத்தாங்க. பருவக் கணிப்பு மாடல்கள் அதை முன்கூட்டி எச்சரிக்கலை. அங்கே கரையில் குடியிருக்கிறவனுக்கு "சராசரியா ஒண்ணும் ஆகாது"ங்கிற ஒத்தை வரி வேணுமா, இல்லை "அநேகமா ஆகாது, ஆனா இத்தனையில் ஒரு தடவை வீட்டைத் தூக்கிட்டுப் போகும்"ங்கிறது வேணுமா? படகை மேட்டுக்கு இழுத்து வைக்கிறவன் ரெண்டாவது வரியைக் கேட்டுத்தான் இழுப்பான்.

அதனால மக்களே, அடுத்த தடவை எவராவது எல் நினோ வருது, வரலைன்னு அடிச்சுச் சொன்னா மூணு கேள்வி கேளுங்க. மாடலை எத்தனை தடவை ஓட்டினீங்க? விடைகள் எவ்வளவு விரிஞ்சு கிடக்கு? இதுக்கு முன்னால 70 சதவீதம்னு சொன்னப்போ எத்தனை தடவை நடந்துச்சு? பதில் சொல்றவரோட சண்டை போடலாம், காப்பி குடிக்கலாம். பதில் சொல்லாம ஒத்தை நம்பரை நீட்டுறவர்கிட்ட, கிளி எங்கேன்னு கேட்டுடுங்க.

டிஸ்கி: கிளி ஜோசியக்காரர்கள் யாரும் கோவிச்சுக்க வேண்டாம். அந்தக் கிளியும் ராண்டமாத்தான் சீட்டு எடுக்குது. ஆனா நூறு தடவை எடுத்த கணக்கை அது யாருக்கும் காட்டுறதில்லை. கும்மி அடிக்க வர்றவங்க பின்னூட்டத்தில் அடிக்கலாம், எதிர்ப்பதிவு போட்டாலும் சந்தோஷம். அந்த முப்பது வரி நிரல் வேணும்கிறவங்களும் கேளுங்க, தர்றேன்.